உருளைக்கிழங்கு சிப்ஸில் உண்மையில் என்ன இருக்கிறது? பிள்ளைகளுக்கு மாலையில் கொடுக்கலாமா?

அஸ்தம்பட்டி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கீழே வைத்ததும் சிப்ஸ்தான் கேட்கிறான். என் மாமியார், "மண்ணில் விளைந்த கிழங்குதானே, அதுவும் ஒரு காய்தானே, பிள்ளை சாப்பிடட்டும் விடு" என்கிறார். வீட்டுக்காரர் அதை விஷம் என்று சொல்லிப் பாக்கெட்டைப் பிடுங்கிக் குப்பையில் போடுகிறார். நடுவில் நான்.

எனக்கு இரண்டு பேச்சும் சரியாகப் படவில்லை. பாக்கெட்டின் பின்னால் உள்ள கட்டத்தைப் படித்தேன். 100 கிராமுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் கலோரி, கொழுப்பு முப்பத்தைந்து கிராம் பக்கம் என்று போட்டிருக்கிறது. இதெல்லாம் அதிகமா, குறைவா, எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று தெரியவில்லை. அப்புறம் கடைவீதியில் கண் முன்னாலேயே பொரித்துக் கொடுக்கும் சூடான சிப்ஸில் எந்தக் கட்டமும் கிடையாது. அதை எப்படிக் கணக்குப் போடுவது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

சத்துக்கணக்கு:

அக்கா, நான் உணவியல் படித்துவிட்டு சேலத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழங்கிலிருந்தே தொடங்குவோம். 100 கிராம் பச்சை உருளைக்கிழங்கில் 79 கிராம் தண்ணீர். மாவுச்சத்து 17 கிராம், புரதம் 2 கிராம், கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. மொத்தமே 77 கலோரி. பொட்டாசியம் 420 மில்லிகிராம், வைட்டமின் சி 20 மில்லிகிராம் அளவில் இருக்கும். இது நல்ல உணவு. இதில் உங்கள் அத்தை சொல்வது நியாயம்தான்.

இப்போது இதைச் சீவி எண்ணெயில் போடுகிறோம். சலசலவென்று சத்தம் வருகிறதே, அது தண்ணீர் ஆவியாகி வெளியே வரும் சத்தம். பொரிந்து முடிந்த சிப்ஸில் 2 சதவீதம் தண்ணீர்கூட மிஞ்சுவது கடினம். அந்த இடத்தில் எண்ணெய் வந்து உட்காருகிறது. 100 கிராம் சிப்ஸில் எண்ணெய் மட்டும் சுமார் 35 கிராம். மீதி பெரும்பாலும் காய்ந்த கிழங்கு. அந்தக் காய்ந்த கிழங்கு வர, தோல் சீவிய பச்சைக் கிழங்கு ஏறக்குறைய 290 கிராம் வேண்டும்.

கலோரியைப் பிரித்துப் பாருங்கள். 290 கிராம் கிழங்கிலிருந்து 223. 35 கிராம் எண்ணெயிலிருந்து, கிராமுக்கு 9 என்று வைத்தால், 315. கூட்டினால் 538. உங்கள் பாக்கெட்டில் உள்ள எண்ணுக்கு இது வெகு அருகில் வரும். ஆக, சிப்ஸின் கலோரியில் பாதிக்கு மேல் கிழங்குடையது இல்லை, எண்ணெயுடையது. நான் நோயாளிகளிடம் சொல்வதும் இதைத்தான்: சிப்ஸைக் கிழங்குக் கணக்கில் எழுதாதீர்கள், எண்ணெய்க் கணக்கில் எழுதுங்கள். மத்திய அரசின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் சமையல் எண்ணெய் 27 கிராம் என்று இருக்கிறது. 100 கிராம் சிப்ஸ் அதைத் தாண்டிவிடுகிறது. மதியக் குழம்பில் தாளித்தது, காலையில் தோசைக்கு ஊற்றியது எல்லாம் தனி.

சத்து எல்லாம் போய்விட்டதா என்றால், இல்லை. பொட்டாசியம், நார்ச்சத்து, புரதம் பெரிதாகக் குறைவதில்லை. தண்ணீர் போனதால் அவையெல்லாம் சுண்டி, 100 கிராமில் பொட்டாசியம் 1200 மில்லிகிராம், புரதம் 6 முதல் 7 கிராம் வரை இருக்கும். வைட்டமின் சி மட்டும் சூட்டில் பாதிக்கு மேல் அழிந்துவிடும். அதனால் "வெற்று உணவு" என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. சத்து இருக்கிறது, அதைப் பெற நாம் குடிக்கும் எண்ணெய்தான் கட்டுப்படியாகாதது.

"காய்தானே" என்பதற்கும் ஒரு வார்த்தை. தினமும் 400 கிராம் காய், பழம் சாப்பிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதல்லவா, அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி எதையும் சேர்ப்பதில்லை. அவை சோறு, சப்பாத்தி வரிசையில் வருபவை.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்:

நல்ல விளக்கம். நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவன். எனக்கு உப்புக் கணக்கு வேண்டும். சிப்ஸைத் தொடவே கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆனால் சாப்பாட்டுத் தட்டில் அப்பளமும் மாங்காய் ஊறுகாயும் தினமும் வருகின்றன. எது பெரிய குற்றவாளி?

சத்துக்கணக்கு:

சார், பாக்கெட்டில் உப்பு என்று இருக்காது, சோடியம் என்று இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே, அதாவது 5 கிராம் உப்புக்குக் கீழே இருக்க வேண்டும்.

சாதா உப்பு போட்ட சிப்ஸில் 100 கிராமுக்கு 500 முதல் 600 மில்லிகிராம் சோடியம் இருக்கும். மசாலா வகைகளில் இதைவிடக் கூடும். ஒரு சின்னப் பாக்கெட் 30 கிராம் என்றால் 150 முதல் 180. உளுந்து அப்பளத்தில் 100 கிராமுக்கு 1700 பக்கம் வரும். பத்து கிராம் எடையுள்ள ஒரே அப்பளம் அந்தச் சின்னப் பாக்கெட்டுக்குச் சமம். ஒரு கரண்டி ஊறுகாய் அதற்கும் மேலே போகும். எனவே உங்கள் விஷயத்தில் முதலில் கை வைக்க வேண்டியது ஊறுகாய் ஜாடியில்தான். சிப்ஸின் உப்பு நாக்கில் படும்படி மேலாகத் தூவப்பட்டிருப்பதால் கரிப்பு அதிகம் தெரிகிறது. ரொட்டியில் ஏறக்குறைய அதே அளவு சோடியம் இருக்கும், உள்ளே கலந்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் சார், யாரும் 30 கிராமோடு நிறுத்துவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

குகை சூடான சிப்ஸ்:

வணக்கங்க. அப்பா காலத்திலிருந்து சிப்ஸ் கடை வைத்திருக்கிறோம். கட்டம் போட்டுக் கொடுக்காத ஆட்களில் நானும் ஒருவன் என்பதால் பேச வேண்டியது என் கடமை.

எங்கள் தொழிலில் கிழங்குதான் முதல். மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கும் உண்டு, ஆக்ரா கிழங்கும் உண்டு, கர்நாடகக் கிழங்கும் உண்டு. குளிர்க் கிடங்கில் நன்றாகக் குளிரில் கிடந்து வந்த கிழங்கு உள்ளே இனித்துக்கொள்ளும். சட்டியில் போட்டால் வேகும் முன்பே சிவந்து போகும், கசக்கும். அதைக் குழம்புக்கு விற்கலாம், சிப்ஸுக்கு ஆகாது. கையில் வெட்டிப் பார்த்தால் கெட்டியாக, மாவுப் பிடிப்பாக இருக்கும் கிழங்குதான் எண்ணெய் குறைவாகக் குடிக்கும். தண்ணீர்க் கிழங்கு எண்ணெயைக் கொள்ளையாகக் குடிக்கும், நமக்கும் நட்டம், வாங்குகிறவருக்கும் நட்டம். நாலு கிலோ கிழங்கு போட்டால் ஒரு கிலோ சிப்ஸ் வருவதே பெரிது.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது என்பது பலருக்குத் தெரியாது. சட்டியில் வேகும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், எண்ணெய் உள்ளே புக முடியாது. ஜல்லிக்கரண்டியில் அள்ளி வெளியே எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை அது உள்ளே இழுக்கும். அதனால் எடுத்த சூட்டோடு நன்றாக உதறி, சாய்வாக வைத்த கம்பி வலையில் வடிய விடணும். அவசரத்தில் அப்படியே தட்டில் குவித்தால் அத்தனையும் உள்ளே போய்விடும். எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டாலும் வெகுநேரம் ஊறி அதே கதைதான். ரொம்ப மெல்லிசாகச் சீவினாலும் எண்ணெய் கூடும்.

எங்கள் கடையில் பாமாயில்தான். சூரியகாந்தியில் பொரித்துத் தரச் சொல்லிக் கேட்டால் விலை கூடும் என்று சொல்லிவிட்டுப் பொரித்துத் தருகிறோம். ஒளிக்க எதுவும் இல்லை.

சத்துக்கணக்கு:

அண்ணா, வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. எந்த எண்ணெய் என்பது ஏன் முக்கியம் என்று மட்டும் சேர்க்கிறேன்.

கலோரி எந்த எண்ணெயிலும் ஒன்றுதான். வேறுபடுவது நிறைவுற்ற கொழுப்பு, அதாவது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் பகுதி. பாமாயிலில் அது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். சூரியகாந்தியில் பதினொன்று பக்கம். கடலை எண்ணெய் இரண்டுக்கும் நடுவே, இருபதுக்குள். தேங்காய் எண்ணெயில் எண்பத்தைந்துக்கு மேல். 35 கிராம் எண்ணெய் என்று கணக்கிட்டால், பாமாயில் சிப்ஸ் 100 கிராமில் 15 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, சூரியகாந்தி சிப்ஸில் 4 கிராம். பாக்கெட்டில் சதவீதம் போட நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அடிப்படையாக வைத்திருக்கும் நாள் அளவு 22 கிராம். வித்தியாசம் எவ்வளவு பெரிது பாருங்கள்! தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரம் சிப்ஸை "அது நல்ல எண்ணெய்" என்று நம்பி அளவில்லாமல் தின்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பாக்கெட்டின் முன்பக்கம் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதற்காக வாங்காதீர்கள். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, கிழங்கிலும் கிடையாது. அந்த வரியால் நமக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை. பின்பக்கத்தில் நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்று பாருங்கள். வனஸ்பதி மூலம் வரும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயில் 2 சதவீதம் என்று உச்சவரம்பு இருக்கிறது, அதனால் முன்பிருந்த அந்தப் பயம் இப்போது குறைவு.

கடைச் சிப்ஸில் நான் பயப்படுவது எண்ணெயின் பெயரைவிட எண்ணெயின் வயதுக்கு. காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து சில சேர்மங்கள் சேரும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. அதை அளக்கத் தனிக் கருவி உண்டு. நம்மிடம் அது இல்லை, ஆனால் கண்ணும் மூக்கும் உண்டு. சட்டியில் நுரை அடங்காமல் நின்றால், எண்ணெய் கறுத்துக் கெட்டியாக ஒழுகினால், அடுப்பை ஏற்றும் முன்பே புகைந்தால், சிக்கு வாடை அடித்தால் நகர்ந்துவிடுங்கள். அச்சடித்த செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், சூடான எண்ணெய் மையை இழுக்கும்.

ஏற்காட்டுக் காப்பித்தோட்டம்:

மலையில் இருந்து ஒரு விஷயம். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இங்கே வரும்போது பலூன் போல உப்பிவிடும். சுற்றுலா வருகிறவர்கள் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து கடைக்காரரிடம் சண்டை போடுவதை ஏரிக்கரையில் பார்த்திருக்கிறேன். கெட்டுப் போகவில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். மேலே காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறைவு, அதனால் உள்ளே அடைத்த காற்று விரிகிறது.

உள்ளே இருப்பது சாதாரணக் காற்றும் இல்லை, நைட்ரஜன். ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் சிக்குப் பிடிக்கும், அதற்காகத்தான். அது சிப்ஸ் நொறுங்காமலும் காக்கிறது. பிரித்த பாக்கெட்டைக் கிளிப் போட்டு நாள்கணக்கில் வைத்துத் தின்பது இதனாலேயே சரியில்லை. நைட்ரஜன் போய்விட்டது, ஈரம் ஏறும், எண்ணெயும் மெல்லக் கெடும். இங்கே பனிக்காலத்தில் காலை திறந்து வைத்த சிப்ஸ் மாலைக்குள் நமத்துவிடும்.

பாக்கெட் எவ்வளவு பெரிதாக உப்பினாலும் எடை அச்சிட்டதுதான். கிராம் பார்த்து வாங்குங்கள்.

வாழப்பாடி காட்டுக்காரன்:

எல்லோரும் உருளையைப் பற்றியே பேசுகிறீர்கள். சேலத்துக்காரர்கள் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி சிப்ஸை விட்டுவிட்டால் எப்படி? எங்கள் காட்டில் விளைவது, மருந்து குறைவு, தண்ணீரும் குறைவு. ஜவ்வரிசி ஆலைக்கு வண்டி ஏற்றும்போது வீட்டுக்கு நாலு கிழங்கு எடுத்து வைத்துச் சீவிப் பொரிப்போம். உருளை சிப்ஸைவிட இது உடம்புக்கு நல்லது என்பது என் கருத்து. தவறென்றால் சொல்லுங்கள்.

சத்துக்கணக்கு:

அண்ணா, பாதி சரி. குச்சிக்கிழங்கில் தண்ணீர் 60 சதவீதம்தான், மாவுச்சத்து 38. வெளியேற வேண்டிய தண்ணீர் குறைவு என்பதால் குடிக்கும் எண்ணெயும் பொதுவாகக் குறையும். கடைக்காரர் அண்ணா "கெட்டிக் கிழங்கு" என்று சொன்ன அதே காரணம்தான். அந்த வகையில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

மறுபக்கம், குச்சிக்கிழங்கில் புரதம் மிகக் குறைவு. பச்சைக் கிழங்கில் 1.4 கிராம்தான், உலர்த்திச் சுண்ட வைத்தாலும் பெரிதாக வராது. உருளை சிப்ஸில் கிடைக்கும் பாதிப் புரதம்கூட இதில் வருவது கடினம். கிட்டத்தட்ட முழுக்க மாவும் எண்ணெயும். இன்னொன்று உங்களுக்கே தெரிந்திருக்கும்: இதில் சயனைடு வெளிவிடும் பொருள் இயற்கையாகவே உண்டு. தோலிலும் கசப்பு ரகத்திலும் அதிகம்.

வாழப்பாடி காட்டுக்காரன்:

அது தெரியும் தம்பி. ஆலைக்கென்று நடும் கிழங்கு வேறு, தின்பதற்கு எடுக்கும் கிழங்கு வேறு. கசந்தால் ஆட்டுக்கே போட மாட்டோம். உள் தோலோடு சேர்த்துத் தடிப்பாக உரித்து, சீவித் தண்ணீரில் ஊறப்போட்டு அலசிய பிறகுதான் சட்டிக்குப் போகும். டவுனில் சந்தையில் வாங்குகிறவர்கள், கிழங்கு வெட்டிய இடத்தில் நீலக்கோடு ஓடியிருந்தால் எடுக்க வேண்டாம், அது பறித்து நாளான கிழங்கு.

பொறியியல் மாணவன், சூரமங்கலம்:

வாட்ஸப்பில் ஒன்று சுற்றுகிறது, சிப்ஸில் அக்ரிலமைடு இருக்கிறது, புற்றுநோய் வரும், ஒரு பாக்கெட் தின்றால் போதும் என்று. உண்மையா? எங்கள் விடுதி அறையில் மொத்த மாடியும் சிப்ஸில்தான் ஓடுகிறது.

சத்துக்கணக்கு:

தம்பி, பொருள் உண்மை, பயமுறுத்தல் பொய். ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2002இல் அறிவித்த பிறகுதான் பொரித்த, சுட்ட மாவுப் பொருள்களில் அக்ரிலமைடு உருவாவது உலகத்துக்குத் தெரிந்தது. கிழங்கில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சூட்டில் சேரும்போது வருகிறது. பழுப்பு நிறமும் மணமும் தரும் அதே வினையின் கூடவே வருவதால் சிவக்கச் சிவக்க அது கூடும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை 1994லேயே "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பிரிவில் வைத்தது. அது விலங்குச் சோதனைகளை வைத்துச் சொன்னது. ஒரு பாக்கெட் தின்றவருக்கு நோய் வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. முடிந்தவரை குறைப்போம் என்பதுதான் உலகம் எடுத்திருக்கும் நிலை. ஐரோப்பிய ஒன்றியம் சிப்ஸுக்குக் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம் என்று ஓர் அளவுகோலை 2017இல் வகுத்தது.

வீட்டில் செய்யும்போது சீவிய துண்டுகளைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டு அலசித் துடைத்துப் பொரியுங்கள், சர்க்கரை கொஞ்சம் கரைந்து போகும். பொன் மஞ்சளில் எடுத்துவிடுங்கள். பாக்கெட்டில் கறுத்த துண்டு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். காப்பியிலும் பிஸ்கட்டிலும் முறுகலான ரொட்டியிலும் இது உண்டு என்பதால் சிப்ஸை மட்டும் பிடித்துத் திட்டுவதில் அர்த்தமில்லை.

விடுதி விஷயத்தில் எனக்குக் கவலை வேறு. இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் 100 கிராம் சிப்ஸ் என்றால் 540 கலோரி வயிற்றுக்குள் போகிறது, புரதம் 6 கிராம்தான் கிடைக்கிறது. அதே கலோரிக்கு நாலு இட்லியும் சாம்பாரும் ஒரு முட்டையும் சாப்பிட்டால்கூட மீதி இருக்கும்.

குகை சூடான சிப்ஸ்:

இதிலே ஒன்று சேர்க்கணுங்க. கிழங்கில் பச்சை படிந்திருந்தால் அந்த இடத்தை ஆழமாக வெட்டி எறியணும், முளை விட்ட கண்ணையும் தோண்டி எடுக்கணும். அதில் இருக்கும் நஞ்சு பொரித்தாலும் போகாது என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மூட்டையை வெளிச்சம் படாமல் சாக்குப் போட்டு மூடித்தான் வைப்போம்.

உடற்பயிற்சிப் பிரியன், ஐந்து ரோடு:

எண்ணெய் இல்லாமல் சூட்டில் வாட்டிய சிப்ஸ் என்று விற்கிறார்களே, அதை வாங்கினால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடாதா?

சத்துக்கணக்கு:

கொழுப்பு குறையும், பல வகைகளில் பாதி அளவுக்கு. ஆனால் பெரும்பாலானவை கிழங்கைச் சீவிச் செய்வதில்லை, கிழங்கு மாவைப் பிசைந்து தட்டி வாட்டுவது. சோள மாவு, சர்க்கரை சேரும். உப்பு அப்படியே இருக்கும், சிலவற்றில் கூடுதலாகவும் இருக்கும். கலோரி பாதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், 100 கிராமுக்கு 450ஐத் தாண்டும் வகைகளே அதிகம். "இது நல்ல சிப்ஸ்" என்ற தைரியத்தில் இரண்டு பாக்கெட் தின்றால் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்:

வயிறு நிறைவதைப் பற்றி யாரும் பேசவில்லையே? ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995இல் 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவாக 240 கலோரி கொடுத்து, இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று அளந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323, பட்டியலிலேயே முதலிடம். சிப்ஸுக்கு 91. ஒரே கிழங்கு! உங்கள் மாமியாருக்கு இதைச் சொல்லுங்கள் அம்மா. அவர் நம்பும் கிழங்கு நல்ல கிழங்குதான், அவித்துக் கொடுத்தால்.

வாழப்பாடி காட்டுக்காரன்:

அப்படியானால் நிலக்கடலைக்கு எத்தனை மார்க் சார்? நாங்கள் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்கிறோம்.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்:

அதே ஆய்வில் கடலைக்கு 84. சிப்ஸைவிடக் கீழே. மறைக்காமல் சொல்ல வேண்டியது என் பழக்கம்.

சத்துக்கணக்கு:

சார் சொன்னது சரி. ஆனாலும் நான் கடலைக்கே ஓட்டுப் போடுவேன், காரணம் சொல்கிறேன். 240 கலோரி அளவு கடலை என்பது ஒரு சின்னக் கைப்பிடிதான், வயிற்றில் இடம் பிடிக்காது, அதனால் மதிப்பெண் குறைந்தது. 100 கிராம் கடலையின் கலோரியும் சிப்ஸின் கலோரியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கடலையில் புரதம் 25 கிராம், நார்ச்சத்து 8 கிராம், கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாதது. வளரும் பிள்ளைக்கு அந்த 25க்கும் 6க்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. அதிலும் தோலோடு அவித்த பச்சைக் கடலை என்றால் தண்ணீர் சேர்ந்திருப்பதால் வயிறும் நிறையும். கொண்டைக்கடலை சுண்டல் இன்னும் நல்லது, 100 கிராமில் 164 கலோரிதான், புரதம் 9 கிராம் பக்கம்.

தட்டுவடை செட்டைப் பற்றி யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பெருமை, எனக்கும் உயிர். தட்டுவடை பொரித்ததுதான், ஆனால் செட்டில் இருப்பது சின்னச் சின்னத் தட்டுகள், நடுவில் பச்சையாகத் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். ஒரு செட்டோடு கை நிற்கிறது, தின்றது கண்ணுக்குத் தெரிகிறது. பாக்கெட்டுக்குள் கை விட்டுக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

அஸ்தம்பட்டி அம்மா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நானும் அத்தையும் உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் படித்தோம். 290 கிராம் கிழங்குக் கணக்கை அத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அவரே நாளை முதல் சின்ன உருளைக்கிழங்கை அவித்து, மிளகு, சீரகத்தூள் போட்டு ஒரு கரண்டி எண்ணெயில் புரட்டித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை மட்டும் சிப்ஸ், அதுவும் சின்னக் கிண்ணத்தில் கொட்டி, பாக்கெட் அலமாரிக்குள். வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டேன், பிள்ளை கையிலிருந்து பிடுங்கி எறிவது இனி இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். பாக்கெட்டில் போட்டிருக்கும் சதவீதம் என் பையனுக்கும் பொருந்துமா?

சத்துக்கணக்கு:

பொருந்தாது அக்கா. அது 2000 கலோரி தேவைப்படும் பெரியவர் கணக்கு. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 1700 கலோரி போதும், உப்பின் வரம்பும் அதற்கேற்பக் குறையும். பெரியவருக்கு 10 சதவீதம் என்றிருந்தால் அவனுக்கு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் பாக்கெட்டில் 160 கலோரி, இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மேல் எண்ணெய். வாரம் ஒருநாள் என்றால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

அம்மாப்பேட்டை தறி:

தாமதமாக வருகிறேன். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. பொட்டாசியம் குறைக்கச் சொல்லி, உருளைக்கிழங்கை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துச் சாப்பிடச் சொன்னார்கள். உப்பில்லாத சிப்ஸ் வாங்கிக் கொடுத்தால் பரவாயில்லையா?

சத்துக்கணக்கு:

வேண்டாம் அண்ணா. வேகவைத்து வடிக்கும்போது பொட்டாசியம் தண்ணீரோடு போகும். எண்ணெயில் அது கரையாது, அதனால் சிப்ஸில் அப்படியே தங்கிவிடும். 30 கிராமிலேயே 360 மில்லிகிராம். உப்பில்லை என்றாலும் அம்மாவுக்கு ஆகாது. உப்பு குறைவு என்று விற்கும் சில தின்பண்டங்களில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பதும் உண்டு, சேர்மானப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். மாலையில் கொறிக்க ஏதாவது வேண்டுமென்றால் உப்பில்லாத அரிசிப் பொரி ஒரு கிண்ணம் கொடுக்கலாம். பொட்டுக்கடலை சேர்க்க வேண்டாம், அதில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம். அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டும்போது மருத்துவரிடம் இதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.